வெண்ணெய் போட்ட முறுக்கு

ஜூலை 1, செவ்வாய்

அனல் காற்று. துறைமுகப் பக்கம் பார்க்கக் கண் கூசுகிறது. போட்டிப் பரீட்சைக்குக் குறிப்பு எழுத வாங்கிய கொப்பி இது. இதில் என் கதையை எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை.

நான் வேலை செய்யும் விடுதிக்கு நாளை மறுநாள் ஏழு பேர். திமிங்கிலம் பார்க்க. எல்லாரும் வீகன். இறைச்சி, மீன் மட்டுமில்லை. பால், முட்டை, தேன்கூட ஆகாது. படகில் கொறிக்கக் கொடுக்கும் பக்கெற்றுகளை நான் பார்த்துச் சொல்லவேணும். முதலாளி நசீர் நானா: "புள்ள, நீங்க கம்பஸ் படிச்சவங்க. எழுத்துச் சின்னனா இருந்தாலும் வாசிப்பீங்க."

எங்கள் வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நான். அதற்கு இந்த வேலை.

ஜூலை 2, புதன்

கடையில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கி மேசையில் பரப்பினேன்.

மரவள்ளிச் சிப்ஸ், மிளகாய்த்தூள் – ஆகும்.
தக்காளிச் சுவைச் சிப்ஸ் – பால்மா. ஆகாது.
கோழிச் சுவை – கோழியே இல்லை. பால்மா இருக்கிறது. ஆகாது.
தேன் பூசிய கச்சான் கடலை – ஆகாது.
சோள வளையம் – சுவையூட்டி 631. மீனிலும் எடுப்பார்களாம், மீன் இல்லாமலும் செய்வார்களாம். ?
மிக்சர் – சேர்மானத்தில் பால் இல்லை. அடியில் 'பால் இருக்கக்கூடும்'. அதே மெஷினில் வேறு சாமானும் செய்வதால் போடுகிறார்கள். ஆகும் என்று நினைக்கிறேன். வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

நானா எட்டிப் பார்த்தார். "கோழியில கோழி இல்ல. தக்காளியில மாடு இருக்கு. நல்ல நாடு புள்ள."

கடைசியாக முறுக்கு. அம்மா சுட்டு விடுதிக்கும் கடைகளுக்கும் அனுப்புவது. லேபல் நான் படிக்கும்போது அடித்துக் கொடுத்தது. 'சுத்த சைவம்', பெரிய எழுத்தில். அம்மா சொல்லச் சொன்ன சொல். மச்ச மாமிசம் படாத தனிச் சட்டி. முழுகிவிட்டுத்தான் மா குழைப்பா. அதில் எங்கள் மாட்டு வெண்ணெய். வெண்ணெய் சேருவதால்தான் அது சுத்தம். அம்மாவுக்கு அப்படி. நேற்றுவரை எனக்கும்.

முறுக்கு – வெண்ணெய், பால்தானே. ஆகாது என்று எழுதி, பட்டியலைக் குசினிச் சுவரில் ஒட்டினேன்.

பின்னேரம் போனில் அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். மாடு கன்று போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தா. கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா வந்துவிட்டா. கிளிவெட்டியிலிருந்து முதல் பஸ்ஸில், பெரிய பையோடு. வெள்ளைக்காரர் வருகினம் என்று நானா எப்போதோ சொல்லியிருக்கிறார். நேற்று முழுக்கச் சுட்டிருக்கிறா.

தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனவ சுவரை வாசித்தா. எழுத்துக் கூட்டி, மெதுவாக.

"மகள், இது உன்ர எழுத்தெல்லோ?"

"ஓம்."

"பால்ல என்ன அழுக்கு?"

நானா சிரித்துச் சமாளித்தார். "அழுக்கில்ல தங்கச்சி. அவங்கட கொள்கை. மாட்டிட்டக் கேக்காம எடுக்கிறது பிழையாம்."

"கண்டுக்குட்டி குடிச்ச பிறகுதான் நான் கறக்கிறனான்."



இது அவர்களுக்கு மட்டும்தான் அம்மா, மற்ற ஆக்களுக்கு ஆகும், எனக்கு ஆகும். இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. நான் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய கிளாஸ்.

சாப்பிடச் சொன்னேன். பஸ் போய்விடும் என்றா. பையையும் கொண்டு போய்விட்டா. அந்தப் பாரத்தோடு.

ஜூலை 8, செவ்வாய்

பஸ் கொண்டக்டரிடம் பார்சல் வந்தது. முறுக்கு. 'சுத்த சைவம்' மேல் கறுப்புப் பேனாவால் கோடு. கீழே கோணல் எழுத்தில்: பால் இல்லை. தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்திருக்கிறா.

வந்தவர்களுக்கு நல்ல விருப்பம். ஒரு பெண் படகுக்குப் போகமுதலே ஒரு பக்கெற் முடித்துவிட்டாள். நானா: "இனி எல்லாருக்கும் இதையே போடச் சொல்லுங்க. ரெண்டு விதம் என்னத்துக்கு?"

நானும் தின்றேன். மொறுமொறுப்பு இருக்கிறது. பிழை சொல்ல ஏலாது. இரண்டாவதை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"எள்ளில ஏதும் பிரச்சினை இருக்கோ? இருந்தா இப்பவே சொல்லுங்கோ."

சுகாதாரப் பரிசோதகரோடு கதைக்கிற குரல். எனக்கு.

"எள்ளு ஆகும் அம்மா."

"ஓமத்தில?"

"அதுவும் ஆகும்."

"சரி. வைக்கட்டே?"

கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்க இருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். ஏழு பேரும் காலையில் போய்விட்டார்கள். மரவள்ளிச் சிப்ஸ் பக்கெற் இரண்டு மிச்சம். சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்தேன். ஒட்டின இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது.

பக்கத்துக் கடைக்காரர் கேட்டார்: "என்ன பிள்ளை, அம்மான்ர முறுக்கு இப்ப வேற மாதிரி?" கடைகளுக்கும் இதுதான் போகிறதாம். வெண்ணெய் கடைகிறதையே விட்டுவிட்டா. பாலை அப்படியே சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றுகிறாவாம். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன் பக்கத்தில் இருக்கிறது. வாய் வராது என்று தெரியும். அதனால் இங்கே எழுதிவிட்டு, பார்த்து வாசிக்கப்போகிறேன்.

அம்மா, ஒரு சுண்டு மாவில எனக்கு மட்டும் வெண்ணெய் போட்டுச் சுட்டு அனுப்புங்கோ. லேபல் ஒட்டவேண்டாம்.