எதிர்க்கரையில் ஒருத்தி

பிரிக்பீல்ட்ஸ்
2-3-1931

கிள்ளான் பவுனம்மாள் அக்காவுக்குத் தங்கமணி கும்பிட்டு எழுதுவது.

உங்களை அக்கா என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வேறு எப்படி எழுதுவது? பதினைந்து வருஷத்துக்கு முன் உங்கள் வீட்டுக்காரரை என் வீட்டுக்கு வரவைத்தவள் நான். இப்போது அவருக்கு அந்த வீடு தெரியவில்லை.

கடைக்குப் போனால் அடுத்த சந்தில் நின்று யார் யார் கதவையோ தட்டுகிறார். பக்கத்து வீட்டுத் தம்புசாமி அண்ணனின் கிழட்டு மாடும் இப்படித்தான். அவிழ்த்துவிட்டால் புதுக் கொட்டகைக்கு வராமல், பழைய கொட்டகை இருந்த வெற்று மண்ணில் போய் நிற்கிறது. இளமாடு நேராக வீடு வந்துவிடும். “வயசானா புதுசாப் படிச்ச வழிதான் மொதல்ல அழியும், தங்கமணி. பழசு கெடக்கும்” என்கிறார் அண்ணன்.

இவரிடம் கிடக்கும் பழசு நீங்கள்தான் அக்கா. சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு, “கிள்ளானுக்குப் போவணும், பவுனு காத்துக்கிட்டு நிக்கும்” என்கிறார். என்னைப் பார்த்து, “நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்கிறார். அனுப்பட்டுமா?

தங்கமணி

கிள்ளான்
5-3-1931

தங்கமணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அடுப்பில் போடப் போனேன். பிறகு மறுபடி படித்தேன். என் பெயரைத்தான் சொன்னாரா?

அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஏற்றிவிடு. துணைக்கு யாரும் வேண்டாம், நீயும் வராதே. அந்தத் தண்டவாளம் போட்டவர்களில் அவர் ஒருவர், கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்து சேர்வார். கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். உன் கையால் இத்தனை வருஷம் என்னத்தைத் தின்றாரோ.

பவுனம்மாள்

கிள்ளான்
17-3-1931

தங்கமணிக்கு,

அவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஸ்டேஷனில் கடைசி ஆள் இறங்கும்வரை நின்றேன். அவர் வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், புக்கிட் கூடா ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ரயில் அங்கேயே நின்றுவிடும். பாலம் கிடையாது, படகில்தான் வரவேண்டும். நான் இந்தக் கரையில் காத்து நிற்பேன். பாலம் கட்டி நாற்பது வருஷமாகிறது. அந்த நாற்பது வருஷம் அவர் தலையில் இல்லை. நான் யோசித்திருக்க வேண்டும். உன்னை ஜெயித்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். பழைய படகுத்துறையின் சேற்றில் உட்கார்ந்து, வராத படகைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “பாலமா? இங்க ஏது பாலம்?” என்று எழுந்திருக்க மறுத்துவிட்டார். ஒரு சம்பான் படகைப் பிடித்துக்கொண்டு நானே போனேன். திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து என்னிடமே, “அந்தா, கரையில என் பொண்டாட்டி நிக்குது, பாருங்கம்மா” என்று கைகாட்டினார். வெறும் கரை. ஆனால் நானும் பார்த்தேன், தங்கமணி. அந்தக் காலத்து மஞ்சள் புடவையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இறங்கியதும் அவளைக் காணோம் என்று அழுதார். “வேத்து வீட்டுல எனக்கென்ன வேலை?” என்று என் கையால் ஒருவாய் சாப்பிடமாட்டேன் என்கிறார். தினமும் ஆற்றுக்கு ஓடுகிறார். ஒருநாள் தண்ணீரில் இறங்கிவிடுவார். எனக்கு அறுபது வயது. அவர் தேடுகிறவள் நான் இல்லை.

வரும் ஞாயிறு மறுபடி அவரை அக்கரையிலிருந்து படகில் கூட்டி வருகிறேன். நீ மஞ்சள் புடவை கட்டி, பூ வைத்து, இந்தக் கரையில் நில். நீ சின்னவள், அவருக்குக் கண் மங்கல். பவுனு என்று கூப்பிடுவார். ‘ஏன்’ என்று குரல் கொடு. அப்படியே உன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடு.

பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்
30-3-1931

அக்காவுக்கு,

அன்று உங்களோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் என் கையை விடவே இல்லை. நீங்கள் படகைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

இங்கே நன்றாகச் சாப்பிடுகிறார். நான் இருக்கும் இடம்தான் அவருக்கு வீடு. நாள் முழுக்க உங்கள் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். இப்போது யாராவது தங்கமணி என்றால் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை. பயமாக இருக்கிறது அக்கா.

நேற்று சாப்பிடும்போது, “பவுனு, படகுல ஒரு கெழவி தொணைக்கு வந்திச்சு. நல்ல மனுசி. கரையில எறங்கவே இல்ல. வீடு போய்ச் சேந்திச்சா?” என்று கேட்டார்.

சேர்ந்துவிட்டது என்று சொன்னேன். சரிதானே அக்கா? ஒரு வரி எழுதுங்கள்.

தங்கமணி