கண்ணில் தெறித்த பிசின்

என் வீட்டு மகாராணிக்கு உன் மாமா எழுதுவது. நீயும் மகளும் சுகந்தானே? நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன்.

கடலில் அலைமேல் நின்று ஓட்டும் பலகைக்குப் பூசுகிற பிசின் முழுக்க என் பொறுப்பு. வெயில் பட்டால் கல்லாகிவிடும் என்பதால் இருட்டறையில்தான் வைப்போம். நேற்று கண்ணுக்குக் கண்ணாடி போடாமலே, ஒற்றைக் கையால் திருப்புளி வைத்து டப்பா மூடியை நெம்பிக் காட்டினேன். பிசின் இடது கண்ணில் தெறித்துவிட்டது. வெளியே குழாயடிக்கு ஓடப்போன என்னை மேஸ்திரி கட்டிப்பிடித்துவிட்டார்.

"யோவ், வெளிய போகாதய்யா! வெயில் பட்டா கண்ணுக்குள்ளயே இறுகிடும்!"

இருட்டிலேயே நூறு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். நான் கத்தவேயில்லை. மேஸ்திரிதான் கத்தினார்.

அப்புறம் வெயில் படாமல் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் தைரியத்தைப் பார்த்து டாக்டரே அசந்துபோனார். நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார். பார்வை இருக்குமா என்று நாலு தடவை கேட்டேன். "பிரிச்சாத்தான் தெரியும்" என்கிறார். எழுத்து கோணலாக இருந்தால் பயத்தில் என்று நினைக்காதே, ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன்.

மகளிடம் சொல்லாதே. அவள் போட்டோ ஒன்று அனுப்பு, முகம் மட்டும், பெரியதாக. நீயும் இனிமேல் கடிதத்தைப் பெரிய பெரிய எழுத்தில் எழுது.

நர்ஸம்மா மாத்திரை கொடுக்க வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

உன் மாமா