மூன்று கை தண்ணீர்

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்

மாப்பிள்ளை தேவப்பிரியம் காலையில் வந்தார். 25ஆம் தேதி ஞாயிறு, எர்ணாவூரில் அவர்கள் சபையில் குழந்தைக்குப் பிரதிஷ்டையாம். "நீங்களும் கட்டாயம் வரணும் அத்தை" என்றார். பிரதிஷ்டை என்றால் பாஸ்டர் குழந்தையைத் தூக்கி ஜெபம் பண்ணிக் கொடுப்பார், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றுவது கிடையாது. ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டேன். "அவ வளந்து அவளே கேட்டாத்தான் அத்தை. எங்க சபையில அப்படித்தான்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச வாய் இல்லாதவளா நான்? ஐந்தாவதுதான் படித்தேன், ஆனால் நான் செபமாலை சொல்ல ஆரம்பித்தால் ராயபுரத்தில் எங்கள் தெருவே பின்னால் சொல்லும். தேர் வரும்போது மாதாவுக்கு முதல் மாலை என் வீட்டு மாலைதான். அந்தக் கத்தோலிக்க வீட்டுப் பெண், என் மகள் ஜானட், இவரைக் கட்டிக்கொண்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பிரசவத்துக்கு என்னிடம் வந்திருக்கிறாள். பேத்திக்கு ஹெப்சிபா என்று பேர். இருபத்தாறு நாள் ஆகிறது. பிறந்ததும் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தவள்.

ஆகஸ்ட் 13

இன்று முழுக்க மூத்தவன் நினைப்பு. 1981இல் பிறந்தான். பட்டுச் சட்டை தைத்து வரட்டும், ஹார்பரில் பெரிய மேஸ்திரியை ஞானத்தகப்பனாக நிறுத்தலாம் என்று நான்தான் ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டேன். ஒன்பதாம் நாள் போய்விட்டான். தண்ணீர் படாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாகப் புதைத்தார்கள். சிலுவை வைக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள்.

யார் பெருமைக்காகத் தள்ளிப் போட்டேன்? என் பெருமைக்காக.

ஆகஸ்ட் 15, வியாழன். மாதா திருநாள்

பூசை முடிந்து வந்து குழந்தையைக் குளிப்பாட்டினேன். தினமும் நான்தான். காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் போட்டு, எண்ணெய் நீவி, பயத்தமாவு தேய்த்து. இன்றைக்கு இருமினாள். இரண்டே தரம். மூக்கில் தண்ணீர் போயிருக்கும், வேறொன்றுமில்லை. ஆனால் நான் உள்ளங்கையில் தண்ணீர் அள்ளினேன்.

மூணு கை தண்ணி. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே — ஊத்திட்டேன். மரிய ரோசின்னு பேரும் வச்சேன். உயிருக்கு ஆபத்துன்னா யார் வேணா ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு சின்ன வயசில கன்னியாஸ்திரி சொல்லிக் கொடுத்தது.

ஆபத்தா அது? இருமல்தானே?

"இன்னாம்மா இவ்ளோ நேரம்?" என்று வெளியே இருந்து ஜானட். "தல தொடைக்கிறேன்டி, வர்றேன்" என்றேன்.

ஆகஸ்ட் 16

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஜானட் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எர்ணாவூர் போய் வந்தேன். இந்த அறுபத்துமூன்று வயதில் வேறொரு சபையின் ஆராதனைக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. லேத் பட்டறைக்கு மேல் மாடியில் ஒரு ஹால். படியெல்லாம் செருப்பு. கோபுரம் இல்லை, மணி இல்லை, ஒரு மாதா சுரூபம்கூட இல்லை. சுவரில் வசனம், அதற்குப் பக்கத்தில் கடிகாரம். பெண்கள் எல்லோரும் வெள்ளைத் துணியால் முக்காடு. காதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது. நான் ஒருத்திதான் கம்மலும் சங்கிலியும் கொண்டையில் ஒரு முழம் மல்லியுமாக.

உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் ஒரு முட்டி போட்டு, சிலுவை போட்டுக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், எங்கள் கோயில் பீடத்தில் இருக்கும் நற்கருணைப் பெட்டி இங்கே ஏது? எதிரே டிரம் செட்டு.

பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராமசெல்வி என்று பேர், காத்திவாக்கத்தில் இறால் விற்கிறவள்.

"இன்னாக்கா, ஆர்.சி.யா? டிரம்முக்கு முட்டி போட்ட மொத ஆளு நீதான்."

"நீ சிரிக்கிறதுக்குத்தான் இந்த முட்டியோட மாடி ஏறி வந்தேன்" என்றேன். நகர்ந்து இடம் விட்டாள். "முக்காடு போட்டுக்கோ. பாஸ்டரம்மா பாத்துகினு கீறாங்க."

எங்கள் பூசையில் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு, கைதட்டல், திடீரென்று ஆளுக்கொரு ஜெபத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கச் சொல்கிறார்கள். ஒரு பெண் புரியாத பாஷையில் கத்தினாள். எனக்குப் பயம். பைக்குள் கையை விட்டுச் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ராமசெல்வி தன் மகன் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அந்த அழுகை மட்டும் எனக்குப் புரிந்தது.

பிறகு பாஸ்டர் குழந்தையை வாங்கிக்கொண்டார். நன்றாகத்தான் தூக்கினார், கழுத்துக்குக் கை கொடுத்து. "கர்த்தாவே, நாங்க இந்தப் பிள்ளைய ஒண்ணுக்கும் கட்டாயப்படுத்தல. அவளே உம்மைத் தேடி வரட்டும்" என்றார்.

அடுத்தது சாட்சி சொல்லும் நேரம். ஜானட் மைக்கை வாங்கினாள். "எங்கம்மா ஆர்.சி. ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே சரியில்ல. ஆனா இந்த நாப்பது நாளு என் புள்ளைய என் விசுவாசத்துக்கே விட்டுட்டாங்க. குறுக்க ஒரு வார்த்த பேசல. எனக்கு இதுதான் அற்புதம்." அழுதுவிட்டாள். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"கொழந்த நல்லா இருக்கணும்" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஆமென்!" என்றது ஹால் முழுக்க. ராமசெல்வி முதுகில் தட்டினாள். "நல்ல மனசுக்கா உனக்கு."

பிரியாணி போட்டார்கள். என் பங்கை ராமசெல்விக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆண்ட்ரூ சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சின்ன வயசுக்காரர். மெச்சுவார் என்று மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன்.

"கொழந்தை சாகக் கெடந்துச்சாம்மா?"

"இல்ல ஃபாதர். இருமிச்சு."

"பெத்தவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். "ஊத்துனதை அழிக்க முடியாது. ஆனா செஞ்சது தப்பு. போய் மகள்கிட்ட சொல்லுங்க."

மூத்தவன் கதையைச் சொன்னேன். "அவனைச் சுவரோரம் வச்சது ஆண்டவர் இல்லம்மா. நாமதான்" என்றார்.

நாற்பத்து மூன்று வருஷத்தில் இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 27

நாளைக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 28, புதன்

சொல்லிவிட்டேன்.

பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"எப்போ?"

"மாதா திருநாள் அன்னிக்கு."

"பதிமூணு நாளு என் மூஞ்சிய பாத்துகினு இருந்துகீற. சபையில மைக்கு புடிச்சிகினு நின்னே. அப்பக்கூட சொல்லல."

"பயந்துட்டேன்டி. உங்க அண்ணன் —"

"அண்ணன் கதை எனக்குத் தெரியும்மா. இவ என் புள்ள. கேட்டிருந்தீனா சண்ட போட்டிருப்பேன். சண்டதானே? போட்டிருக்கலாம் இல்ல? நான் ஊரு முன்னாடி உன்னப் பெருமையா சொன்னேனே..."

பெரிய வாய்க்காரின்னு பேரு எடுத்தவ — அந்த வாய் எங்க போச்சு?

ஆகஸ்ட் 29

மாப்பிள்ளை ஆட்டோ கொண்டுவந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கிளம்பிவிட்டாள். தெருவில் கேட்டவர்களிடம் "மாப்பிளைக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம்" என்றேன். மறுபடியும் பொய். "வர்றோம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஜானட் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பூசையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பாதியிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14

போன் போட்டேன். எடுத்தாள். "தூங்குது" என்றாள். வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் முதல் பூசை பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே எர்ணாவூர் போனேன். ராமசெல்வி பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்தேன். "இன்னிக்கி முட்டி போடலியா?" என்றாள். சிரிப்பு வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஜானட் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து நின்றாள். "வூட்டுக்கு வா. வெயிலா கீது" என்றாள்.

வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்தாள். நான் பழக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"நீ உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தேன். குளியலறைக் கதவை அவள் சாத்தவில்லை. காலை நீட்டி அவளே போட்டுக்கொண்டாள். இன்னும் பழகாத கை, குழந்தை வழுக்கி வழுக்கி அழுதது.

"கழுத்துக்குக் கீழ கை குடுடி" என்றேன், இருந்த இடத்திலிருந்தே.

"இப்டியா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

அழுகை நின்றது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"அம்மா, துண்டு."

எடுத்துக்கொண்டு போனேன். வாசற்படியைத் தாண்டாமல் நின்று, கையை நீட்டிக் கொடுத்தேன்.