பெட்டிகள் குலுங்காமல் இருக்க

மார்ச் 4
நாளை இருபத்திரண்டு தேனீப் பெட்டிகளும் பழத்தோட்டத்துக்குப் போகின்றன. பூ இன்னும் பத்து நாள்தான் நிற்கும். தம்பி ஜீப்பில் டிரெய்லரை இழுத்து வருவான், நான் பக்கத்தில். டிரெய்லர் டயர் இரண்டிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். கல் மாதிரி இருந்தால் பெட்டிகள் குலுங்கி அடை உடையும். வருடாவருடம் செய்வதுதான். என்ன, முன்பெல்லாம் பக்கத்துத் தோட்டம். இந்த முறை நூற்றிருபது கிலோமீட்டர்.

மார்ச் 5
பாதி வழியில் இடப்பக்க டயர் வெடித்தது. டிரெய்லர் சாய்ந்து, ஒன்பது பெட்டிகள் தார் ரோட்டில். தம்பி கையுறைகூட இல்லாமல் அள்ளினான். முகமெல்லாம் கொட்டு. நான் என்ன செய்தேன்? அத்தனை லாரிக்காரர்கள் முன்னால் கத்தினேன். “மெதுவா போன்னு எத்தனை தடவை சொன்னேன்? உன்னை நம்பி ஏத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”
“அறுபதுலதான்க்கா வந்தேன்,” என்றான். மறுபடி குனிந்து பெட்டிகளை அள்ளப் போனான்.

மார்ச் 6
தம்பி போனை எடுக்கவில்லை.

மார்ச் 7
இன்றும் இல்லை. தேனீ கொட்டினது ரெண்டு நாளில் வடிந்துவிடும், நீ கொட்டினது வடியுமா என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார் கணவர். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மார்ச் 8
டயர் கடைக்காரர் வெடித்ததோடு நல்ல டயரையும் கழற்றிக் காட்டினார். அதன் உள்ளேயும் கறுப்பாக ரப்பர்த் தூள். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடேறுமாம்; பாரத்தோடு தூரம் போனால் உள்ளேயே கிழிந்துவிடுமாம். நல்ல டயரைக் கழற்றும் முன்பே அதிலிருந்த காற்றை அளந்திருந்தார். அறுபத்தைந்து பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது.
“யாரும்மா காத்து பார்த்தது?”
தெரியலைங்க என்றேன். இந்த வயதில், முன்பின் தெரியாத ஒருவரிடம், ஒரு டயருக்காகப் பொய். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9
காலையில் போகலாம் என்று நினைத்துச் சாயங்காலம்தான் தம்பி வீட்டுக்குப் போனேன். கண் இமை இன்னும் வீங்கியிருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்மேல்தான்டா என்றேன்.
“எப்பக்கா தெரியும் உனக்கு?”
“நேத்து.”
“நேத்து தெரிஞ்சுதான் இப்ப வர்றியா?”
அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன். அழுகை வந்தது, ஆனால் தெருமுனை தாண்டியபிறகுதான்.

மார்ச் 11
கூப்பிடாமலே ஐந்து மணிக்கு ஜீப்போடு வந்து நின்றான். அன்று லாரியில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மிச்சம் பதின்மூன்று பெட்டியையும் ஏற்றினோம். காற்று அறுபத்தைந்து, ரெண்டு தடவை அளந்துட்டேன் என்றேன். சரிக்கா என்று தலையாட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து காற்று அளக்கும் புதுக் கருவி ஒன்றை எடுத்துக் குனிந்து, இரண்டு டயரையும் அவனே பார்த்தான்.
வழியெல்லாம் நன்றாகத்தான் பேசினான். மூன்று இடத்தில் நிறுத்தி, இறங்கி, டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். நான் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.