க்ளெமானின் ரூட்டர்

தேர் ரூஜ், மொரீசியஸ்
செப்டம்பர் 1987

அன்பு மைத்துனன் நீலமேகத்துக்கு அத்தான் விநாயகம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா அலமேலுவும் சுகம். அங்கே எல்லோரும் சுகமாயிருக்க முருகன் துணை.

உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்த, மரத்தில் எழுத்துக் குடையும் ரூட்டர் மெஷினை அனுப்பப் போவதில்லை. அதிக விலைக்கு வேறு யாருக்கோ தள்ளிவிட்டேன் என்று நினைக்காதே. மெஷின் என் பட்டறையில்தான் இருக்கிறது. காரணத்தைப் படித்துவிட்டு அத்தானுக்கு மூளை பிசகிவிட்டது என்று நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அக்காவிடம் மட்டும் இதுபற்றிக் கேட்டு எழுதாதே. அவள் பட்டறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். பெயர்ப்பலகை வேலைக்கு மெஷின் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் குதிரைசக்தியைப் பார்த்து மயங்காதே. கையில் தூக்கிப் பார். மதியம்வரை பிடித்து வேலை செய்ய உன் தோள் தாங்குமா என்று பார். அழுத்தினால் மரத்துக்குள் இறங்கி, விட்டால் மேலே ஏறுகிற வகையாகவே வாங்கு. எழுத்தை நடுவிலிருந்து தொடங்க அதுதான் தோது. கால் அங்குலத் தண்டு பிடிக்கும் மெஷின் சின்ன எழுத்துக்குப் போதும். தேக்கு, பலா என்று போனால் வெட்டுகிற பிட் நடுங்கும், விளிம்பு பிசிறடிக்கும். அதற்கு அரை அங்குலம் வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் நான் இந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தேன்.

வடக்கே கடற்கரையில் மாதத்துக்கொரு ஓட்டல் எழும்புகிறது. அதில் ஒன்றில், அறைக்கதவுக்கெல்லாம் கபித்தேன், வியேய் ரூஜ் என்று இங்கத்து மீன்களின் பெயரை மரத்தில் குடைந்து கேட்டார்கள். உளியால் செய்தால் நான் முடிப்பதற்குள் ஓட்டலை இழுத்து மூடிவிடுவார்கள். போர்ட் லூயி கடையில் புது மெஷின் ஒன்று பார்த்தேன். அழகுதான், ஆனால் பொம்மை. அப்போதுதான் பக்கத்து ஊரான ரோஷ் புவாவில் ஒரு பெரிய மெஷின் சும்மா கிடப்பதாகச் சொன்னார்கள். அது க்ளெமான் என்கிற பெயர்ப்பலகைக்காரனுடையது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவளப்பாறைக்கு அப்பால் மீன் பிடிக்கப் போனான். படகு திரும்பி வந்தது. அவன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அவன் மனைவி ரோஸ்லின் மெஷினைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தாள். நான் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டமில்லை. மோட்டாரை முகர்ந்து பார்த்தேன், கருகல் வாடை இல்லை. பேரத்துக்காக முதலில் பாதி விலைதான் சொன்னேன். சரி மிஸ்யே, எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். மிஸ்யே என்றால் இங்கே ஐயா. விலை பேசாதவர்களிடம் வாங்கும்போது ஏன் என்று கேட்க வேண்டும். கடை வைத்த நாளிலிருந்து நான் அதைக் கேட்காமல் விட்டது அன்றுதான்.

மெஷின் தேக்கில் வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஆனால் ஒவ்வொரு பெயரின் கடைசி எழுத்திலும் வால் மாதிரி ஒரு சின்ன வளைவு வந்தது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். எழுத்து வெட்டிய அச்சுப் பலகையை மரத்தின்மேல் வைத்து இறுக்குவோம். மெஷின் அந்த விளிம்பை ஒட்டித்தான் ஓடும். அதைத் தாண்டி ஒரு நூலளவுகூடப் போக வழியில்லை. அச்சுப் பலகையில் அந்த வளைவு இல்லை, மரத்தில் இருந்தது. பேரிங்கை மாற்றினேன், பிட்டை மாற்றினேன், வளைவு போகவில்லை. என்னிடம் வேலை பார்க்கும் ஜெரார் பார்த்துவிட்டு, இது க்ளெமானின் கை என்றான். ரோஷ் புவாவில் பாதிக் கடைகளுக்கு க்ளெமான்தான் பலகை செய்தவன். போய்ப் பார்த்தேன். மளிகைக் கடையில், முடிதிருத்தும் கடையில், எல்லாவற்றிலும் அதே வளைவு. ஓட்டல் மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, புது டிசைனா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

பிறகுதான் தப்புச் செய்தேன். ரோஷ் புவா மீனவர் சங்கத்தார், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஒரு பலகையில் குடைந்து கேட்டார்கள், மாதா கோயிலில் மாட்ட. கடைசிப் பெயர் க்ளெமான். வேலை வந்தால் விடுகிற ஆளா நான்? ரோஸ்லினை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டேன். ஜெரார் மெஷினைத் தொட மாட்டேன் என்றான். அவன் மெஷினாலேயே அவனுக்குக் குழி தோண்டச் சொல்கிறீர்களே மிஸ்யே என்றான். கரண்டுக்குக் காசு கட்டுகிறவன்தான் மெஷினுக்குச் சொந்தக்காரன், நீ தள்ளு என்று நானே பிடித்தேன்.

மற்ற பெயர்களெல்லாம் சுத்தமாக வந்தன, வளைவுகூட இல்லை. க்ளெமானுக்கு வரும்போது இருட்டிவிட்டது. பிட் இறங்கவில்லை. பாறைமேல் ஓடுவதுபோல மரத்தின்மேல் வழுக்கியது. புகை வந்தது, மரம் கருகியது, கீறல் விழவில்லை. பக்கத்தில் கிடந்த துண்டில் வைத்தேன், இறங்கியது. மறுபடி பலகையில் வைத்தேன், இறங்கவில்லை. கைப்பிடிகள் நனைந்திருந்தன. என் வியர்வைதான் என்று உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் கடற்பாசி வாடை வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பிட் நின்றது, கண்ணால் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. அது மெஷினிலிருந்து வரவில்லை, நீலமேகம். கடல் இருக்கிற திசையில் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஜெரார் அந்தப் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டான். சமையலறையிலிருந்த உன் அக்கா, யார் வீட்டில் இந்த நேரத்தில் மரம் அறுக்கிறார்கள் என்று கேட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ரோஸ்லின் வந்து நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. நேற்று அவர் பெயரை வெட்டப் பார்த்தீர்களா என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். வீட்டு முற்றத்தில் சத்தம் கேட்டதாம். மெஷின் அவள் வீட்டில் இருந்தபோதும், பிளக் மாட்டாமலேயே சில நாள் அந்தச் சத்தம் வருமாம். பயந்துதான் விற்றாளாம். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தால் இன்னும் பாதி விலைக்குக் கேட்டிருப்பீர்கள் என்றாள். உண்மைதான். அவளே லேசாகச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். மெஷின் வீட்டை விட்டுப் போனபிறகு சத்தமில்லாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம். அவர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கரையைத் தேடுகிறார், பெயரை வெட்டிவிட்டால் தேடுவதை விட்டுவிடுவார் என்றாள்.

அப்படியானால் நீயே எடுத்துக்கொண்டு போ என்றேன். தனியாக அதோடு இருக்க முடியாது என்றாள். இந்தியாவுக்கு அனுப்பப் போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கடல் தாண்டிக் கொண்டுபோனால் அவர் எந்தப் பக்கம் நீந்துவார் மிஸ்யே என்று கேட்டாள். நான் துடைப்பத்தை எடுத்து மரத்தூளைக் கூட்டினேன்.

நீ மதராஸிலேயே புது மெஷினாகப் பார்த்து வாங்கிக்கொள். பழையது மலிவாக வந்தால், யாருடையது, அவர் இப்போது எங்கே என்று கேட்டுவிட்டு வாங்கு. உன் கடை நல்லபடி நடக்கும், நீ கெட்டிக்காரன். வெளியூர் போனால் சொன்ன நாளில் வீடு திரும்பிவிடு, உனக்காகக் காத்திருக்கிறவர்களைக் கலங்க வைக்காதே. இந்த மெஷினை மட்டும் இனி என்னிடம் கேட்காதே.

ரோஸ்லினோடு பேசி முடித்தது இதுதான். மெஷின் இந்தத் தீவை விட்டுப் போகாது. சங்கத்துப் பலகையில் கடைசி வரி வெறுமையாக இருக்கும். சங்கத்தாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். ஞாயிறுதோறும் மத்தியானம் நான் அதை ரோஷ் புவாவுக்குக் கொண்டுபோய், அவள் முற்றத்தில் கடலைப் பார்த்து வைத்து, பிட் மாட்டாமல் ஓட்ட வேண்டும். அவள் போதும் என்று சொல்கிறவரை ஓட்ட வேண்டும். கூலி கிடையாது. எத்தனை காலத்துக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் பேரம் பேசவில்லை.

இப்படிக்கு,
அத்தான் விநாயகம்