வராந்தாவில் கூப்பிட்ட பெயர்

அண்ணே,

கோர்ட்டில் நீங்கள் நின்ற இடத்தில் இப்போது புது டவாலி ஒருவர் நிற்கிறார். இன்று காலை ஏதோ ஒரு விபத்து வழக்குக்காக வராந்தாவில் ஆளைக் கூப்பிட்டார். பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாம் மூன்று தடவை. கணீரென்ற குரல், குறை சொல்ல முடியாது. பெஞ்ச் கிளார்க் நாற்காலியை இருபது வருஷத்துக்கு மேல் தேய்த்தாயிற்று. இன்னும் மூன்றாவது கூப்பாடு முடியும்வரை எனக்குப் பேனா ஓடுவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கோட்டையூரிலிருந்து வருவீர்கள், நான் சாக்கோட்டையிலிருந்து வருவேன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போவோம். வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் உங்கள் பையில் மடிப்புக் கலையாமல் இருக்கும். எந்த வெயிலிலும் ஐஸ் தண்ணீர் தொடமாட்டீர்கள். "எனக்குச் சம்பளமே தொண்டைக்குத்தாம்மா" என்பீர்கள். நான் சிரிப்பேன். சிரிக்க முடிந்த காலம் அது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை நிரந்தரமாகாத சமயம். சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சாட்சி சொல்ல வந்திருந்தாள். கயிறு கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கிருந்த மேஸ்திரி அவளைக் கெடுத்த வழக்கு. சட்டப்படி பொது ஜனத்தை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தினோம். யாரைக் கூப்பிட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த மாதிரி வழக்கில் 'சாட்சி ஒன்று' என்று மட்டும்தான் எழுத வேண்டும். அதை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று நாலு வழக்குக் கட்டுகளை ஒரே நேரத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். கை பழக்கத்துக்குப் பெயர், அப்பா பெயர், ஊர் என்று முழுசாக எழுதிவிட்டது. நீங்களும் பழக்கத்துக்கு வாங்கிப் போய் மூன்று தடவை கூப்பிட்டீர்கள். உள்ளே ரகசியம், வெளியே தண்டோரா! எவ்வளவு பெரிய கூத்து அது.

வராந்தாவில் அவள் ஊர்க்காரர் ஒருவர் வரப்புத் தகராறுக்காக வந்து உட்கார்ந்திருந்தார். "அட, நம்ம ஊருப் புள்ளயா? இங்குட்டு எதுக்குத்தா வந்தே?" என்று அவர் கேட்டது சாத்திய கதவு வழியாக எனக்கே கேட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு அம்மாவோடு வந்திருக்கிறாள். கூண்டில் ஏறியவள் தலை நிமிரவில்லை. அரசு வக்கீல் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்கய்யா. போலீசுல அவுகளா எழுதிக்கிட்டாக." பிறழ் சாட்சி என்று நான்தான் குறித்தேன். மேஸ்திரி விடுதலையாகி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். பாவி.

அவள் சாட்சி சொன்ன அன்றே ஜட்ஜ் அய்யா உங்களை அறைக்குக் கூப்பிட்டார். நானும் கோப்போடு அங்கேதான் நின்றேன். "சீட்டுல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார். நீங்கள் சீட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, "நம்பருதாங்கய்யா இருந்துச்சு. சம்மனப் பாத்து நானாச் சேத்துக் கூப்பிட்டுட்டேன். பழக்கதோஷம்" என்றீர்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களுக்கு மெமோ வந்தது. எனக்கு அடுத்த வருஷம் வேலை நிரந்தரமானது. இல்லை அய்யா, நான்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அன்று பயம். அப்புறம் வெட்கம். அப்புறம் வருஷங்கள் போய்விட்டன.

அதற்குப் பிறகு அந்த மாதிரி வழக்குகளில் நீங்கள் யாரையும் கூப்பிட்டதே இல்லை. கூட வந்த பெண் போலீசிடம் ஆள் யார் என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வீர்கள். அந்தப் பெண்ணிடம் போய்த் தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்துவிட்டு, "நான் சத்தம் போட மாட்டேன் தாயி. வந்து ஒங்க முன்னால நிப்பேன். எந்திரிச்சு எம் பின்னாடி வாங்க, போதும்" என்பீர்கள். பஸ்ஸில் பேப்பர் படித்துக்கொண்டு வந்த நீங்கள் ஒருநாள் அதை மடியில் போட்டுவிட்டு என்னிடம் பொரிந்து தள்ளினீர்கள். "தண்டனையக் கூட்டணும், தூக்குல போடணும்கிறாக. போடட்டும்மா, வேணாங்கல. அந்தப் புள்ள மொதல்ல கூண்டு வரைக்கும் வந்து சேரணும்ல?"

வராந்தாவில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று விதியிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லி நீங்கள் சொல்லச் சொல்ல மனு எழுதினேனே, 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நீங்கள் ஓய்வு பெற்றீர்கள், மறு வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தீர்கள். அந்த மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

இப்போது சட்டப் புத்தகங்களே மாறிவிட்டன, அண்ணே. பிரிவு எண்களைப் புதிதாக மனப்பாடம் செய்கிறோம். பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டுக்கே போய்ப் பெண் போலீஸ் வாங்க வேண்டும், மருத்துவ அறிக்கை ஏழு நாளுக்குள் போலீசுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நல்லதுதான். பயிற்சி வகுப்பில் எழுந்து வராந்தாவில் கூப்பிடுவதைப் பற்றிக் கேட்டேன். "பேரை வெளியிடக் கூடாதுன்னுதான் சட்டத்துல இருக்கே மேடம்" என்றார் வகுப்பெடுத்தவர். இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

இன்று மதியம் அந்த மாதிரி வழக்கு ஒன்று. சீட்டு எழுதவில்லை. நானே எழுந்து வராந்தாவுக்குப் போய், காலையில் பேசி வைத்திருந்த பெண்ணின் முன்னால் நின்றேன். அவள் எழுந்து வந்தாள். அழுதாள், நிறுத்தினாள், ஆனால் சொல்லி முடித்தாள். குறுக்கு விசாரணைக்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். மறுபடி வருவாளா, தெரியாது.

சாயங்காலம் புது டவாலி மனத்தாங்கலோடு வந்தார். "கூப்பிடுறது என் வேலையில்லையாம்மா? நீங்க ஏன் எந்திரிச்சுப் போறீக?"

"முன்னாடி ஒருதடவை நான் சீட்டுல பேரெழுதிக் கொடுத்து, ஒரு புள்ளயோட கேஸே போச்சுய்யா" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "கூப்பிட்டவருக்கு மெமோ. எழுதுன நான் இந்தா உக்காந்திருக்கேன்."

அவர் சிவப்புப் பட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டார். பிறகு சும்மா தெரிந்துகொள்ளும் ஆவலில், "அந்தப் புள்ள யாரும்மா? எந்த ஊரு, பேரென்ன?" என்று கேட்டார்.

பெயர், அப்பா பெயர், ஊர், மூன்றும் நாக்கு நுனி வரை வந்து நின்றன. சொல்லவில்லை, அண்ணே.