பார்க்க ஆள் இருந்தால் ஓடும் கோடு

இன்று மதியம் கணினியின் கறுப்புத் திரையில் நீ எழுதிய கோடு ஓடியது. அடைப்புக்குறிக்குள் கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டே போக, பக்கத்தில் சதவீதம் ஏறியது. அதைப் பார்த்து வெகு நாளாகிவிட்டது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகச் சேர்ந்த ரித்திகாதான் காரணம். பழைய புரோகிராம்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. "தீதி, இந்த புரோக்ரஸ் பார் எதுக்கு? இப்போ எல்லாம் சர்வர்ல தானாவே ஓடுது, யாரும் பாக்கறதே இல்லையே. எடுத்துடட்டுமா?" என்று இந்தியில் அக்கா முறை வைத்துக் கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை. ஒரு தடவை நானே கையால் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வாடிக்கையாளர்களின் பழைய விவரங்களைப் புதிய இடத்துக்கு மாற்றுகிற புரோகிராம் அது, உனக்குத் தெரியாததா? ஓட ஆரம்பித்தால் திரை அசையாமல் கிடக்கும். வேலை செய்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமல் மேனேஜர் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். அவர் வாயை அடைக்கத்தான் நீ அந்தக் கோட்டை எழுதினாய். ஒரே வரியை அழித்து அழித்து எழுதுவதால் கோடு வளர்வதுபோலத் தெரியும். ஆனால் ஆளில்லாமல் ஓடியபோது, அழித்து எழுதத் திரை இல்லாததால், அரைகுறைக் கோடுகள் அத்தனையும், நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைலில் குப்பையாகக் குவிந்தன. பிழை எங்கே என்று தேட முடியாமல் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

"அச்சா அச்சா, கத்தாதடி," என்றபடி ஒரு நிபந்தனை சேர்த்தாய். எதிரே திரை இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால் கோடு, இல்லையென்றால் மௌனம். "பாக்க ஆள் இருந்தாதான் ஓடும். இல்லாட்டி சும்மா தன் வேலையப் பாக்கும். போதுமா?"

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சனிக்கிழமைகளில் மெட்ரோவில் ப்ளூ லைன் பிடித்து கரோல் பாக்கில் உன் வீட்டுக்கு வருவேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உள்ளே வந்தால், நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். உதட்டுச் சாயம்கூட இருக்கும். "ஏக்தம் ஃபிட்டா இருக்கேன்டி, ஆபீஸ் வம்பு சொல்லு," என்பாய். நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஒருநாள் வழியனுப்ப வாசலுக்கு வந்த உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வரேன்னா காலைலேர்ந்து தயாராறா மா. நீ போனப்புறம் ரெண்டு நாள் எழுந்திருக்கவே மாட்டா. வராதேன்னும் உன்கிட்ட சொல்ல முடியலே." மெட்ரோவில் நின்றபடியே அழுதேன். யாரோ ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார்.

அடுத்த வாரம், நீ எழுந்து உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்: "எந்திரிக்காத. என்னைய ஆளாவே கணக்குல எடுக்காத. லாக் ஃபைல்னு வச்சுக்க." சிரித்தாய். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "வலிக்குதுடி," என்றாய், முதல் தடவையாக. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாய். நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் வந்த சனிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் போயின. நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. குளிர் விடுவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று கோடு நூறைத் தொட்டதும் ரித்திகாவிடம் எடுத்துவிடச் சொன்னேன். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக ஒருத்தியிடம் காரணம் சொல்லி மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. இப்போதெல்லாம் எதற்குமே தெம்பில்லை. லிஃப்டில் கேட்கிறார்கள், கேண்டீனில் கேட்கிறார்கள், மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்கிறாள், எப்படி இருக்கிறாய் என்று. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று நானும் கோடு ஓட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் செருப்பைக் கழற்றக்கூட முடிவதில்லை, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன்.

உன்னைத் தேடுவது அப்போதுதான். புரோகிராமிலிருந்து உன் கோடு போய்விட்டது, போகட்டும். சுவர்ப் பக்கம் திரும்புவதற்கு முன் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்ல இங்கே யாரும் இல்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

வலிக்குதுடி.